பாரிஷ் ஹால் சுவரில் நம் ஊர் ஓவியங்கள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் சேகரத்துக்கு (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகள்) ஒரு பழைய பாரிஷ் ஹால் இருக்கிறது. கல்யாணமும் அசனமும் (சபை விருந்து) இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கிறது. அதன் சுவர்களை உள்ளூர் ஓவியர்களுக்குக் கொடுத்து மாதாமாதம் கண்காட்சி வைக்கலாம் என்று கமிட்டியில் இளையவர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். யாரை அழைப்பது? சபைக்கு வெளியே உள்ளவர்களைச் சேர்க்கலாமா? விற்கலாமா? எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது?

பதில்:

நான் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சேகரத்திலும் இப்படி ஒரு ஹால் சுவரைப் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டேன். அதனால் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘மாதாமாதம்’ வேண்டாம். வருடத்துக்கு மூன்று போதும், மிஞ்சினால் நான்கு. நாங்கள் மாதாமாதம் என்று ஆரம்பித்து ஐந்தாவது மாதமே மூச்சு வாங்கிப்போனோம். ஆள் கிடைக்காமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிரேயான் படங்களை ஒட்டி ஒப்பேற்றினோம். பிள்ளைகளின் படத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை ஒரு பெரிய கையை அழைத்தபோது, “அங்கே பிள்ளைகள் படம்தானே வைப்பீங்க” என்று அவர் வராமலே இருந்துவிட்டார்.

மாதங்களையும் பார்த்துப் பொறுக்குங்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்) கல்யாணம் இல்லாததால் ஹாலும் காலியாக இருக்கும். மே மாதம் ஹால் உங்கள் கையில் இருக்காது, கல்யாணக்காரர்கள் கையில் இருக்கும். ஆனி, ஆடியில் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடி மேல் எல்லாம் பூசிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய சுவர் ஊறும், தாளில் பூசணம் பிடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று வைக்கலாம்.

யாரை அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் உடனே கல்லூரிப் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் முதலில் உங்கள் கோயிலுக்குள், அதாவது சர்ச்சுக்குள், போய் அண்ணாந்து பாருங்கள். பீடத்துக்கு மேல் வளைவில் ஒரு வசனம் எழுதியிருக்கும். அதை எழுதியது யார் என்று உபதேசியாரிடம் (சபை ஊழியர்) கேளுங்கள். அங்கேதான் உங்கள் கண்காட்சி தொடங்குகிறது.

இதைச் சும்மா சொல்லவில்லை. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் பாளையங்கோட்டையில் கட்டிய ஊசிக்கோபுரக் கோயில் தொடங்கி நம் பக்கத்துப் புரொட்டஸ்டன்ட் கோயில்கள் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்க் கோயில்கள்தான். மணப்பாடு, காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களின் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் போனால் சுரூபம், சப்பரம், வண்ணம் என்று கண் நிறைந்துவிடும். நம்முடைய சுவரில் இருப்பது எழுத்து. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று வளைவின் போக்குக்கு ஏற்ப எழுத்தை அகட்டியும் ஒடுக்கியும், ‘ர்’ரின் புள்ளி விளிம்பில் இடிக்காமல் கொண்டுபோய் முடிப்பது லேசான வேலையில்லை. அந்தக் கைகள்தான் பஸ்ஸுக்கும் கடைக்கும் தேர்தல் சுவருக்கும் எழுதியவை. 2000த்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் கேரளாவுக்குப் போனார்கள்.

எங்கள் முதல் கண்காட்சியே எழுத்துதான். போர்டு எழுதும் அண்ணாச்சி ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பன்னிரண்டு பலகை கேட்டார், கொடுத்தோம். திறப்பு நாளன்று எல்லோர் முன்னாலும் ஒன்றை எழுதிக் காட்டச் சொன்னோம். நூலை நீலப்பொடியில் தோய்த்து, ஒரு முனையை ஒரு பையனிடம் கொடுத்து, மறுமுனையைத் தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நடுவில் சுண்டினார். டப் என்று ஒரு சத்தம். பலகையில் மயிரிழை போல ஒரு நீலக் கோடு. நூல் அடிப்பது என்பார்கள். அடுத்து இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்து, எனாமலில் ஒரே இழுப்பில் ‘அ’வின் சுழியை முடித்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். கடைசியில் “பேர் எழுதுங்க அண்ணாச்சி” என்றேன். “யார் பேரு, சார்வாள்?” என்றார். உங்கள் பெயர்தான் என்றதும் சற்று நேரம் தூரிகையைத் துடைத்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் கோயில் வளைவுகளில் எழுதியவர். கோயில் வசனத்துக்குக் கீழே யாரும் பெயர் போடுவதில்லை.

ஆகவே படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஓவியர் பெயர், ஊர், எதில் வரைந்தது, எந்த வருடம், விலை இவ்வளவும் இருக்கட்டும். ‘உபயம்: இன்னார் குடும்பத்தார்’ என்பது அந்தச் சீட்டில் வேண்டாம். நம் ஊரில் டியூப்லைட்டிலேயே உபயம் எழுதிவிடுவோம், இதில் விடுவோமா. அதற்கு வாசலில் தனியாக ஒரு போர்டு வையுங்கள்.

கண்காட்சிக்கு ஜனங்கள் வருவார்களா என்று கவலைப்படவேண்டாம். படம் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே மாடி மாடியாக நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள். குற்றாலத்தில் ஒரு சபையே சித்திர சபை. கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீட்டுக்கு வீடு தொங்கின. அந்த வழியில் வந்த கைகள் இன்னும் இருக்கின்றன. விசாரியுங்கள்.

இன்னும் யார்? ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்கள் (எங்களுக்கும் ஆசை இருக்கும், வெளியே சொல்லமாட்டோம்). பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளி நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அங்கே படித்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் நன்றாக வரைகிறவர்கள் உண்டு. அவர்களைக் கூப்பிட்டால் திறப்பு விழாவுக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதைச் செய்யாமல் மேடையில் உட்காரவைத்துச் சால்வை மட்டும் போட்டால் அவமானம்.

கைவேலையையும் தள்ளிவைக்காதீர்கள். பத்தமடைப் பாயை நடுவீட்டில் விரித்துப் படுத்துவிடுகிறோம். அதையே சுவரில் தொங்கவிட்டுப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்துக் கிழித்து நூலாக்கி, பட்டு மாதிரி நெய்திருப்பது அப்போதுதான் தெரியும். நெய்கிறவர்களில் நிறையப் பேர் இஸ்லாமியப் பெண்கள். அவர்களைச் சபை ஹாலுக்கு அழைத்தால் வருவார்களா என்று எங்கள் கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். நேரில் போய்க் கேட்டபோது ஐந்து நிமிடத்தில் சரி என்றார்கள். பாய் சுருட்டாமல் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய நிபந்தனை. இடையன்குடிப் பக்கம் லேஸ் பின்னத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருந்தால் அதுவும் ஒரு நல்ல கண்காட்சி. 1841இல் அங்கே போய்க் குடியேறிய கால்டுவெல் ஐயரை ஊரே கொண்டாடுகிறது. ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த அவர் மனைவி எலைசா அம்மையாரை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

அடுத்தது எதிர்ப்பு. இரண்டு விதமாக வரும்.

ஒன்று, “சொரூபம் உண்டாக்கவேண்டாம் என்று கற்பனை இருக்கிறதே” என்பது (பத்துக் கட்டளைகளில் ஒன்றைச் சொல்கிறார்கள்). இதைச் சொல்கிறவர் மனசாரச் சொல்கிறார் என்றால் மரியாதையாகப் பேசுங்கள். அந்தக் கற்பனை இருக்கும் அதே யாத்திராகமத்தில் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் வருகிறான். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் விசித்திர வேலை செய்ய தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன். வணங்குவதற்காகச் செய்வது வேறு, பார்ப்பதற்காகச் செய்வது வேறு என்று ஐயரே (சேகரத்துக் குருவே) ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. படங்கள் ஹாலில் இருக்கட்டும், ஆராதனை நடக்கும் கோயிலுக்குள் போகவேண்டாம். இந்தக் கோட்டை நீங்களே முதலில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவதுதான் சிக்கல். எங்களிடம் ஒரு இளைஞர் பத்துப் படம் கொண்டுவந்தார். எல்லாம் தாமிரபரணி: படித்துறை, நீர்க்காகம், குறுக்குத்துறையில் வெள்ளம். ஒன்பதாவது படம் ஆற்றங்கரையில் ஒரு கொடை, நாட்டார் தெய்வத்துக்கு எடுக்கும் விழா. தீப்பந்த வெளிச்சத்தில் சுடலைமாடன், முன்னால் வில்லுப்பாட்டுக்காரர்கள், வியர்வையில் பளபளக்கும் முதுகுகள். பத்தில் அதுதான் சிறந்த படம். மாட்டிய அன்று ராத்திரியே எங்கள் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“சார்வாள், சுடலைமாடன நம்ம ஹாலுக்குள்ள மாட்டிட்டு, நாளைக்கு அதுக்கு முன்னால அசனமா போடப் போறிய?”

எனக்குக் கோபம் வந்தது. நானும் ஏதோ சொன்னேன். அவரும் சொன்னார். மறுநாள் காலையில் அந்தப் பையனே வந்து, “எனக்காகச் சண்டை வேண்டாம் சார்” என்று படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஹாலில் படம் வைக்கவே இல்லை. அந்தச் சுவரில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். கொடைப் படத்தை மாட்டியது தப்பு என்று சொல்லவில்லை. எது தொங்கலாம், எது கூடாது என்று முன்னாலேயே எழுதி வைக்காமல், படம் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று இருந்தது தப்பு.

பிறகு எழுதினோம். சபை அங்கத்தினர் அல்லாதவர்களும் வைக்கலாம். ஒருவர் நம்பிக்கையை இழிவு செய்யும் படம் கூடாது. நம்முடையதாக இருந்தாலும் சரி, மற்றவர்களுடையதாக இருந்தாலும் சரி. ஊர் வாழ்க்கையைக் காட்டும் படத்தில் கொடையோ தேரோ சந்தனக்கூடோ வந்தால் தடை இல்லை. அரசியல் கட்சி, டயோசிசன் (திருமண்டல) தேர்தல் இரண்டும் கூடாது. மூன்று பேர் பார்த்துத் தேர்வு செய்வார்கள். அதில் ஒருவர் கட்டாயம் வெளியாள், வரையத் தெரிந்தவர். மாட்டிய படத்தைக் கண்காட்சி முடியும்வரை யார் சொன்னாலும் இறக்குவதில்லை. ஒரே பக்கம். அதைச் சேகரக் கமிட்டியில் தீர்மானமாக வைத்து மினிட்ஸில் ஏற்றினோம். மினிட்ஸில் ஏற்றுவது முக்கியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும், அணி மாறும், முந்தின அணி ஆரம்பித்தது எதுவும் அடுத்த அணிக்குப் பிடிக்காது. உங்களுக்கே தெரிந்ததுதான்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் சேருங்கள்: யார் படம் எந்தச் சுவரில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவருக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். அது எப்போதும் கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரருக்கே போகும், இல்லையென்றால் அப்படிப் போனதாகப் பேச்சு வரும். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து வைத்த சுவர் 1910இல்தான் இடிந்தது. எந்தச் சுவர் யாருக்கு என்பது இந்த மண்ணில் சின்ன விஷயமே இல்லை.

மாட்டுவதைப் பற்றி. பழைய ஹால் என்கிறீர்கள்; சுண்ணாம்புக் காரையாகத்தான் இருக்கும். அதில் ஆணி அடித்தால் கையகலத்துக்குப் பெயரும், மிச்ச ஆணி இரண்டு மாதத்தில் கழன்றுவிடும். கூரைக்குக் கொஞ்சம் கீழே சுவர் நீளத்துக்கு ஒரு ஜி.ஐ. பைப்பைக் கிளாம்ப் போட்டு நிரந்தரமாக ஓட்டிவிடுங்கள். அதிலிருந்து மெல்லிய கம்பிக் கயிறு, நுனியில் எஸ் கொக்கி. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கயிறு. ஒரே கயிறு என்றால் ஃபேன் காற்றில் படம் கோணும். செலவைக் குறைக்கத் தங்கூஸ் நரம்பில் கட்டினோம். கண்ணாடி போட்ட படம் ஒன்று நடுராத்திரியில் நரம்பு இளகி விழுந்தது. நல்லவேளை, ராத்திரி.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 58 அங்குலத்தில் இருக்கட்டும். நம் ஆட்கள் சாமி படம் மாட்டுகிற பழக்கத்தில் உச்சியில் மாட்டிவிடுவார்கள். மேற்கு ஜன்னல் வெயில் விழும் சுவரில் நீர்வண்ணப் படம் வேண்டாம். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியகங்களின் கணக்கு. நம் ஹாலில் அதெல்லாம் நடக்காது, நேர் வெயில் படாமல் பார்த்தால் போதும். பல்பு வாங்கும்போது சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சிவப்பு எல்லாம் செங்கல் நிறமாகத் தெரியும். பிரேம் கடைக்காரரிடம் தாளும் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்; நேராக ஒட்டினால் நம் ஊர் மழையில் தாள் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும்.

படங்களை ஹாலில் இறக்கி வைக்க நேர்ந்தால் தரையில் வைக்காதீர்கள். கறையான் ஒரு காரணம். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதி இன்னொரு காரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணிக் கரையெல்லாம் தண்ணீர். பெஞ்சு மேலாவது ஏற்றி வையுங்கள்.

அசனத்தன்று மட்டும் கீழ்வரிசைப் படங்களை இறக்கிவிடுங்கள். சாம்பார் வாளிக்கு ஓவியம் தெரியாது.

விற்கலாமா? தாராளமாக. விலையை ஓவியரே சொல்லட்டும், அதைச் சீட்டில் போடுங்கள். கேலரிகள் பொதுவாக விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோகூட எடுத்துக்கொள்கின்றன. நாங்கள் பத்து சதவீதம் எடுத்தோம், அது பல்பு, கயிறு, டீச் செலவுக்கு. காசு வாங்கிய அன்றே ரசீது. மிச்சம் ஒரு வாரத்துக்குள் ஓவியர் கையில். ‘காணிக்கையாக ஒரு படம் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று கேட்காதீர்கள். எங்கள் கமிட்டியில் இது வருடாவருடம் வரும். தச்சரிடம் பெஞ்சு செய்து வாங்கினால் கூலி கொடுக்கிறோம்தானே.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் படத்தை விடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ஏலத்தில் ஒரு வாழைத்தார் ஐயாயிரத்துக்குப் போவது வாழைத்தாரின் விலை அல்ல, கேட்டவருடைய பக்தியும் கெளரவமும் சேர்ந்த விலை. அதே மேடையில் படம் முந்நூறு ரூபாயோடு நின்றுவிட்டால் அந்த ஓவியர் ஊரில் நடமாட முடியாது.

சட்டத்தில் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வாங்குகிறவருக்குப் படம் மட்டும்தான் சொந்தம். அதை அச்சடிக்கும் உரிமை, ஓவியர் எழுதிக் கொடுத்தாலொழிய அவரிடமே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் இருக்கும். பணம் கொடுத்து உங்களுக்கென்றே வரையச் சொன்ன படம் என்றால் கணக்கு மாறும்: வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வரையச் சொன்னவருக்கு. இது ஏன் முக்கியம் என்றால், புது வருடத்துக்கு வாக்குத்தத்த அட்டையும் (வேதவசன அட்டை) காலண்டரும் அடிக்கும்போது ‘நம்ம ஹாலில் தொங்கியதுதானே’ என்று ஒரு படத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரு வரி கேட்டு, கையெழுத்து வாங்கி, ஏதாவது ஒரு தொகையும் கொடுத்துப் போடுங்கள்.

கடைசியாகச் சாவி. சிரிக்காதீர்கள், எங்கள் கண்காட்சிகளில் பாதியைக் கெடுத்தது சாவிதான். நோட்டீசில் மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று அடித்திருக்கும். டவுனிலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார், சாவி வைத்திருப்பவர் சங்கரன்கோவிலில் ஒரு துக்க வீட்டில் இருப்பார். மூன்று சாவி போடுங்கள், மூன்று தெருவில் கொடுங்கள். ஹாலுக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு இருந்தால் அதைத் திறங்கள். கோயில் வளாகத்து கேட்டைத் தாண்டி உள்ளே வரத் தயங்குகிறவர்கள் நிறைய. தெருக்கதவு திறந்திருந்தால் பால் வாங்கப் போகிற ஆச்சிகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

இப்போது உடனே செய்யவேண்டியது, ஒரு தச்சரையோ கொத்தனாரையோ கூட்டிக்கொண்டு போய் அந்த ஹாலின் கூரையைப் பார்ப்பது. எங்கே ஒழுகுகிறது என்று சுவரில் கறையே சொல்லும். அதை ஐப்பசிக்கு முன்னால் சரிசெய்துவிட்டால் பிப்ரவரியில் தொடங்கலாம். அதற்குள் அந்த வளைவில் வசனம் எழுதியவரையும் கண்டுபிடித்துவிடுங்கள்.